ஒளியில் வார்த்த உருவங்கள்

காவிரி வளமூட்டும் தஞ்சைத் தரணியிலே, கும்பகோணத்தை அடுத்து, சுவாமிமலை என்றோர் ஊர். பெயரில் மலை உண்டு; ஊரில் மலை கிடையாது. வயல் சூழ்ந்த சமவெளியிலே மனிதர் கட்டி எழுப்பிய கட்டுமலை. அறுபது படி ஏறினால் கோயில். படியிறங்கி வீதிக்கு வந்தால் பட்டறைகள். மேலே தெய்வம் வணங்கப்படுகிறது. கீழே தெய்வம் செய்யப்படுகிறது!

செய்யும் முறையைப் பாருங்கள், தோழர்களே! தேன்மெழுகோடு குங்கிலியம் கூட்டிக் காய்ச்சி, உருவத்தை முதலில் மெழுகிலே பிடிக்கிறார்கள். தென்னை ஓலையை மடித்து மடித்து அளவு குறிக்கிறார்கள். மெழுகின் மேல் காவிரி தந்த வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். பூச்சு காய்ந்ததும் சூடேற்ற, மெழுகு உருகி ஓடிவிடுகிறது. உள்ளே வெற்றிடம் நிற்கிறது. அந்த வெற்றிடத்திலே உருக்கிய உலோகம் ஊற்றப்படுகிறது. ஆறியபின் மண்ணை உடைத்தால் உருவம் வெளிப்படுகிறது. அதன்பின் அரமும் உளியும் நாட்கணக்கில் உழைக்கின்றன. செம்பு எவ்வளவு, பித்தளை எவ்வளவு, ஈயம் எவ்வளவு, எந்த விரலின் நுனியிலே உலோகம் ஓடாமல் நின்றது — அத்தனையும் ஸ்தபதிக்குத் தெரியும். அவர் தம் வேலையை நேசிக்கிறார். அதன் அழகிலே பெருமை கொள்கிறார். ஆனால் அது எப்படி வந்தது என்பதை மறப்பதில்லை.

இன்னொரு வார்ப்பு வேலையும் இந்த நாட்டிலே நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. அங்கே மண்ணில்லை, மெழுகில்லை, செம்பில்லை. இருட்டும் ஒளியுமே மூலப்பொருள். நொடிக்கு இருபத்து நான்கு அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, அவற்றை ஒரே அசைவாகக் கண்டு களிக்கிறது நம் கண். அங்கும் உருவங்கள் வார்க்கப்பட்டன, அவற்றுக்கும் மாலை விழுந்தது, கற்பூரம் எரிந்தது. ஆனால், ஸ்தபதிக்கு இருந்த தெளிவு ரசிகனுக்கு இருந்ததா? இதுதான் நம் கேள்வி.

நாம் திரைப்படத்தின் பகைவரல்லோம். படம் பார்த்து மகிழ்ந்தவர்கள். பிடித்த படத்தைப் பத்து முறை பார்த்தவர்களின் பிள்ளைகள். பிடித்த உரையாடலை மனப்பாடமாய் ஒப்பித்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஆகவே, ரசிகர் என்ற உரிமையோடுதான் ரசிகனின் வரலாற்றைப் புரட்டுகிறோம்.

மணல்தரையில் பிறந்த சமத்துவம்

1905-ஆம் ஆண்டிலே, திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் வரைவாளராகப் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கினார். வேலையை உதறினார். கூடாரமும் கருவியுமாக ஊர் ஊராகப் புறப்பட்டார். பின்னர் கோவையிலே நிலையான அரங்கம் ஒன்றையும் எழுப்பினார். அவர் தொடங்கி வைத்த கூடாரப் பழக்கந்தான் பிற்காலத்தில் டூரிங் டாக்கீஸாக வளர்ந்து, தஞ்சை வட்டாரத்துச் சிற்றூர்களின் எல்லைகளிலே கீற்றுக் கொட்டகைகளாக முளைத்தது.

கொட்டகை என்றால் என்ன கொட்டகை! அறுவடை முடிந்த தரிசிலே மூங்கிலும் கீற்றும், தரையெல்லாம் மணல். மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தப்படித்து, துண்டு நோட்டீசு வீசி விளம்பரம். ஒரே ஒரு கருவி. ஆகவே சுருள் மாற்றுந்தோறும் இடைவேளை. இடைவேளைதோறும் முறுக்கும் சோடாவும். வாசலிலே பாட்டுப் புத்தகம். இதுதானே நம் தாத்தாமார் கண்ட மாளிகை!

ஆனால், அந்த மணலுக்கு ஒரு மகத்துவம் உண்டு. அக்கிரகாரம் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், இடையிலே தாண்டக்கூடாத வரப்பு — இதுவே அன்றைய தஞ்சை. கோயிலுக்குள் நுழைய எல்லோர்க்கும் உரிமையில்லை. சங்கீதக் கச்சேரி சேரிக்காக நடந்ததில்லை. அப்படிப்பட்ட நாட்டிலே, காசு கொடுத்தவன் எவனாயினும் உள்ளே வந்து உட்காரலாம் என்று சொன்னது கொட்டகை. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் கூடியமர்ந்து கலை நுகர்ந்த முதல் இடம் திரையரங்கமே என்று எடுத்துரைத்தார் ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி. தரை, பெஞ்சு, நாற்காலி என்ற வேற்றுமை அங்கும் இருந்ததே எனலாம். இருந்தது. ஆனால், அது காசு வகுத்த வேற்றுமை. பிறப்பு வகுத்த வேற்றுமையன்று. காசு இன்றில்லாவிட்டால் நாளை வரும். பிறப்பு மாறுமா?

திருவையாறும் பாபநாசமும்

பேசும் படம் வந்தது. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ படத்திலே தமிழ் பேசி, தமிழ் பாடி முதலில் தோன்றிய நாயகி யார்? தஞ்சைத் தரணியின் திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலட்சுமி. சாதியாசாரம் மிகுந்த குடும்பத்திலே பிறந்து, சிறு வயதிலேயே மணம் முடிக்கப்பட்டு, அந்த மணமும் முறிந்து, பிழைப்புக்காக மேடையேறிய பெண். பெண் மேடையேறினாலே பழி தூற்றிய காலம் அது. அந்தப் பெண்தான் 1936-இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தாமே எழுதி, தாமே இயக்கினார். தென்னாட்டின் முதல் பெண் இயக்குநர் எந்தப் பல்கலைக்கழகமும் ஈன்றெடுத்தவரல்லர். பால்ய மணம் என்னும் பாழுங்கிணற்றிலிருந்து தாமே ஏறி வந்தவர்! அவருடைய பாட்டைப் பாடித் திரிந்த ரசிகர்களிலே எத்தனை பேர், அவர் வாழ்வு எழுப்பிய கேள்வியைக் கேட்டார்கள்?

சுவாமிமலையிலிருந்து தொலைவில் இல்லாத பாபநாசத்திலே பிறந்தவர் இயக்குநர் கே. சுப்பிரமணியம். 1937-இல் அவர் ‘பாலயோகினி’ எடுத்தார். கைம்பெண் படும் துயரையும் சாதிச் செருக்கையும் திரையிலே நிறுத்தினார். கைம்பெண் வேடத்துக்கு, உண்மையிலேயே கைம்மை அடைந்த பார்ப்பனப் பெண்ணொருவரை நடிக்க வைத்தார். பொறுக்குமா வைதிகம்? தஞ்சை வட்டாரத்து வைதிகர்கள் அவரைச் சாதியை விட்டே விலக்கி வைத்தார்கள். அவர் அடங்கினாரா? அடுத்து ‘சேவாசதனம்’ எடுத்தார். அதன்பின் 1939-இல் ‘தியாகபூமி’ எடுத்தார். கைவிட்ட கணவன் திரும்ப வந்து உரிமை கொண்டாடும்போது, ‘வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன்’ என்னும் பொருள்பட மறுமொழி கூறும் மனைவியை அதிலே கண்டது தமிழ்நாடு. அந்தப் படத்தைப் பிரிட்டிஷ் ஆட்சி தடை செய்தது.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ‘பாலயோகினி’யில் நடித்த குழந்தை சரோஜாவின் மேல் மாளாத அன்பு கொண்டு, தம் பெண் குழந்தைகளுக்கெல்லாம் சரோஜா எனப் பெயரிட்டு மகிழ்ந்தார்கள். அன்பின் அடையாளம் அது. குறை சொல்ல மாட்டோம். ஆனால், அந்தச் சரோஜாக்களிலே எத்தனை பேர் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள்? கணவனை இழந்த எத்தனை சரோஜாக்களுக்கு மறுமணம் நடந்தது? படத்தின் பெயரை வீட்டுக்குள் விட்டவர்கள், படத்தின் கருத்தை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார்களே!

நந்தன் பட்ட நெருப்பு

சோழநாட்டு ஆதனூரில் பிறந்த பண்ணையாளாகச் சொல்லப்படுபவன் நந்தன். சேக்கிழார் சொன்ன கதையிலே அவனை அடக்கியாளும் வேதியர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார்தாம் அந்த ஆண்டையைக் கதைக்குள் கொணர்ந்தார். அந்த வடிவந்தான் திரைக்கும் வந்தது. 1935-ஆம் ஆண்டு ‘நந்தனார்’ படத்திலே கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாக நடித்தார். அதற்காக ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது நாடறிந்த செய்தி. 1942-இல் ஜெமினியின் ‘நந்தனார்’ வந்தது. தண்டபாணி தேசிகர் நந்தனானார்.

பாட்டிலே குறையில்லை; குரலிலே குறையில்லை. கேட்டவர் உருகினர்; நாமும் உருகுவோம். ஆனால், கதையைப் பாருங்கள். தில்லைக்குப் போக விடுப்புக் கேட்கிறான் உழைப்பாளி. நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. ஒரே இரவில் தெய்வம் வேலையை முடிக்கிறது! நாற்பது வேலி ஒருவரிடம் சேர்ந்தது எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. உழுதவனுக்குக் கூலி எவ்வளவு என்றும் கேட்பதில்லை. கடைசியிலே நெருப்பிலே இறங்கி எழுந்தால்தான் கோயிற்கதவு திறக்கும் என்கிறது கதை. கொட்டகையிலே மணலில் அமர்ந்திருந்த பண்ணையாட்கள் கண்ணீர் வடித்தனர். திரையில் எரிந்தது தாங்களே என்பதை உணர்ந்தனரா?

பாகவதரும் பக்தரும்

மாயவரத்திலே பிறந்த எம். கே. தியாகராஜ பாகவதரின் பாட்டுக்கு நாடே அடிமை. அவர் பயணம் செய்த ரயில் நின்ற இடமெல்லாம் திருவிழா. 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கிலே மூன்று தீபாவளி கண்டது. ஆனால், அந்த ஆண்டின் இறுதியிலேயே, லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே பாகவதர் கைதானார், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார். திரையிலே நிழல் பாடிக்கொண்டிருந்தது; சிறையிலே மனிதர் வாடிக்கொண்டிருந்தார்! பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு, 1947-இல் விடுதலையாக முடிந்தது. வெளியே வந்த பாகவதரை வரவேற்ற கூட்டம், அவருடைய புதிய படங்களை வரவேற்கவில்லை. 1959-இல் அவர் மறைந்தபோது பழைய ஒளி போய்விட்டிருந்தது.

தெய்வமாக்கத் தெரிந்த ரசிகனுக்கு மனிதனாகப் போற்றத் தெரியவில்லை. இதை வரலாறு ஒரு முறை மட்டுமா சொல்கிறது?

கேள்வி பிறந்தது, பின்னர் என்ன ஆயிற்று?

1949-இல் ‘வேலைக்காரி’ வந்தது. அண்ணாவின் எழுத்து, கே. ஆர். ராமசாமியின் நடிப்பு. காளியின் முன்னே நின்று, ‘ஏழைக்கு ஏன் இந்த நிலை?’ என்று கேட்டான் நாயகன். அதுவரை திரையிலே தெய்வத்தின் முன் பாட்டுத்தான் எழுந்தது; அன்றுதான் கேள்வி எழுந்தது. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’ வந்தது. திருக்குவளையில் பிறந்த கலைஞர் கருணாநிதியின் உரையாடல். தஞ்சையை அடுத்த சூரக்கோட்டைக் குடும்பத்தைச் சேர்ந்த கணேசனின் முதல் படம். அதைத் தடை செய்ய வேண்டுமென்று கூக்குரல் எழுந்தது. எழாதா? கோயிலுக்குள் நடக்கும் கொடுமையைக் கோர்ட்டிலே நின்று சொன்ன படமல்லவா அது! இளைஞர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். தெருமுனையில் ஒப்பித்தார்கள், களத்துமேட்டில் ஒப்பித்தார்கள். படிக்காதவன் நாவிலும் செந்தமிழ் நடமாடியது. 1954-இல் ‘ரத்தக்கண்ணீ’ரில் எம். ஆர். ராதா எழுப்பிய சிரிப்பிலே மூடத்தனம் பல இடங்களில் விரிசல் கண்டது.

சுவாமிமலைக் கதையையே எடுத்துக் கொள்ளுங்கள். தந்தைக்குப் பொருள் தெரியவில்லை; மகன் சொல்லிக் கொடுத்தான்; தந்தை கேட்டுக் கொண்டார் என்கிறது புராணம். புராணத்தை நாம் நம்பவில்லை. ஆயினும் ஒன்று கேட்கலாமல்லவா? பெரியவர் என்பதற்காகவே ஒருவர் சொல்வது சரியாகிவிடாது, சிறியவனும் கேள்வி கேட்கலாம் என்ற கருத்தைச் சுமந்து நிற்கும் ஊரிலே, அந்தக் கருத்தைக் கைக்கொண்டவர் எத்தனை பேர்? ‘தகப்பன்சாமி’ என்று கைகூப்புகிறவர், வீட்டிலே மகன் எதிர்க்கேள்வி கேட்டால் கன்னத்திலே அறைகிறாரே!

1967-ஆம் ஆண்டு அண்ணா முதலமைச்சரானார். அதே 1967-இலே ஏ. பி. நாகராஜனின் ‘கந்தன் கருணை’யும் வெளிவந்தது. சுவாமிமலைக் கதையும் அதிலே உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ‘பராசக்தி’யிலே கேள்விக்கணை தொடுத்த அதே நடிகர் அதிலே வீரபாகுவாக வந்தார். நடிகர் மேல் நாம் குற்றம் சுமத்தவில்லை. தந்த வேடத்தைத் திறம்பட ஏற்பது நடிகரின் தொழில். ஆனால், கேள்வியையும் கைதட்டி வரவேற்று, கேள்வியே கூடாதென்ற பக்தியையும் அதே கையால் தட்டி வரவேற்ற ரசிகனை எப்படிப் புரிந்து கொள்வது? அவன் கருத்தை நேசிக்கவில்லை, குரலை நேசித்தான். பொருளைப் பற்றவில்லை, முழக்கத்தைப் பற்றினான்.

கும்பகோணம் ஆனையடிப் பள்ளியிலே வறுமையோடு படித்த சிறுவன் எம். ஜி. ஆர். ஆனார். அவர் 1967 ஜனவரியிலே சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது நாடு கலங்கியது; படுத்தபடியே தேர்தலில் வென்றார். 1977-இல் முதலமைச்சரானார். ஏழைகள் அவர் மேல் கொண்ட அன்பு பொய்யன்று. திரையிலே அவர்கள் சார்பாகக் கையோங்கியவர் அவர். ஆனால், 1987 டிசம்பரில் அவர் மறைந்தபோது, பலர் தம் உயிரையே மாய்த்துக் கொண்டார்களே! அவர்களுக்கும் குடும்பம் இருந்தது, குழந்தைகள் இருந்தார்கள். தன்மானம் பேசிய படங்களைப் பார்த்து வளர்ந்தவன், தன் உயிர்க்கும் மானம் உண்டு என்று அறியாமல் போனானே! இதைவிடத் துயரம் வேறென்ன?

வெண்மணி பட்ட நெருப்பு

இனி, தஞ்சைத் தரணியின் நெஞ்சிலே ஆறாத வடுவொன்றைச் சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, சங்கம் சேர்ந்து நின்ற உழைப்பாளிகள். அவர்கள் குடியிருப்பு தாக்கப்பட்டது. ஒரே குடிசைக்குள் ஓடி ஒளிந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக நாற்பத்து நான்கு பேர் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களைப் பின்னர் உயர்நீதிமன்றம் விடுவித்தது. நம்மவர் ஆட்சி நடந்த காலத்திலேதான் இது நடந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுவோம், மறைப்பது பகுத்தறிவாகாது.

நந்தன் நெருப்பிலிருந்து எழுந்தான் என்றது படம். வெண்மணியிலே எவரும் எழுந்து வரவில்லை.

இந்திரா பார்த்தசாரதி இதனை வைத்துக் ‘குருதிப்புனல்’ நாவல் எழுதினார். அந்த நாவலைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் 1983-இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்ற படத்தை எடுத்தார். முதல் படம் எடுக்கும் இயக்குநருக்குரிய தேசிய விருது அதற்குக் கிடைத்தது. விருது கிடைத்தது, கூட்டம் கிடைத்ததா? காவிரிக்கரையிலே தெய்வப் படங்களுக்குக் கட்டிய தோரணம், தம்மைப் பற்றிய படத்துக்குக் கட்டப்படவில்லை. அதற்கு முன்னரே, 1981-இல், நன்னிலம் வட்டத்து நல்லமாங்குடியிலே பிறந்த கே. பாலசந்தர், கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் ‘தண்ணீர் தண்ணீர்’ என்று படமாக்கினார். ஆறு பாயும் நாட்டிலே பிறந்தவர், குடிநீருக்கு ஏங்கும் வறண்ட ஊரின் கதையைச் சொன்னார். நமக்குப் பிடித்த படம் எது என்று கேட்டால் இவ்விரண்டையும் முன்வரிசையில் வைப்போம். இவற்றில் பறக்கும் தேரில்லை, மந்திரமில்லை. பட்டினி உண்டு, பயம் உண்டு, பயத்தை மீறிய குரல் உண்டு.

வீட்டுக்குள் வந்த திரை

1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. கொட்டகைக்கு மக்கள் போன காலம் மெல்லக் கழிந்து, திரையே வீட்டுக்குள் வந்தது. தொடக்கத்திலே தெருவுக்கு ஒரு பெட்டி; வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கப் பெட்டி இருந்த வீட்டுக் கூடத்திலே தெருவே கூடியது. ஆனால், அந்த வீட்டுக் கூடம் எல்லோருக்கும் திறந்ததா? மணல்தரையிலே காசு போதும். கூடத்திலேயோ வீட்டுக்காரரின் மனமும் வேண்டும். சிலர் உள்ளே அமர்ந்தனர். சிலர் சன்னலுக்கு வெளியே நின்றனர். கொட்டகை அழித்த கோட்டைக் கூடம் மீண்டும் கிழித்தது!

1987-இல் ‘ராமாயணம்’ தொடர் தொடங்கியது. வடபுலத்திலே பெட்டிக்கே மாலை சூட்டி, ஊதுவத்தி ஏற்றினார்கள். சீதையாக நடித்த தீபிகா 1991-இல் மக்களவை உறுப்பினரானார். ராமனாக நடித்த அருண் கோவில் 2024-இல் உறுப்பினரானார். தமிழ்நாட்டு ரசிகனைத்தான் பித்தனென்று பழிப்பவர்கள் இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்! வார்த்த உருவத்தை மெய்யென்று மயங்குவது வடக்கு தெற்கு பார்த்து வரும் நோயன்று.

1993-இல் சன் தொலைக்காட்சி வந்தது. 2006-இல் அமைந்த கலைஞரின் ஆட்சி, ஏழை வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை இலவசமாய் வழங்கியது. ‘பெட்டி எதற்கு?’ என்று ஏளனம் பேசினர் பலர். சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவனைக் கேட்டிருந்தால் அவன் விடை சொல்லியிருப்பான். தன் வீட்டிலே, தன் பாயிலே, தன் பிள்ளையோடு அமர்ந்து பார்க்கும் உரிமை அது.

உரிமை வந்தது, அதிலே என்ன வந்தது? ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் கதையான ‘மெட்டி ஒலி’, 2002 முதல் 2005 வரை தமிழ்நாட்டு மாலைப் பொழுதைத் தன் கையில் வைத்திருந்தது. மாமியார் வீட்டுக் கொடுமையைக் கண்டு வீட்டுக்கு வீடு கண்ணீர். அந்தக் கண்ணீரை இகழ மாட்டோம். தன் வீட்டுத் துன்பம் திரையில் தெரியும்போது பெண் அழாமல் என்ன செய்வாள்? ஆனால், அழுது முடித்த அதே கூடத்திலே அடுத்த நாள் பெண் பார்க்க வந்தவர்களிடம், ‘எத்தனை சவரன்?’ என்ற பேச்சு நடந்ததே! அதைத் தடுக்காத கண்ணீர் யாருக்குப் பயன்?

ரசிகத் தோழர்க்கு

இளைஞர்களே! படம் பாராதீர் என்று நாம் சொல்லவில்லை. பாருங்கள்; ரசியுங்கள்; கைதட்டுங்கள். பிடித்த நடிகரைப் பற்றி விடிய விடியப் பேசுங்கள். ஆனால், ஸ்தபதியின் கண்ணோடு பாருங்கள். இதை வார்த்தவர் யார்? எந்த மெழுகிலே? எவர் காசிலே? இதிலே உழைப்பவன் எங்கே? அவன் பேசுகிறானா, பாட்டு மட்டும் பாடுகிறானா? பெண் கேள்வி கேட்கிறாளா, கண்ணீர் மட்டும் வடிக்கிறாளா? முடிவிலே எரிவது யார், எரித்தவர் யார்?

ஒரு வேலைத்திட்டமும் சொல்கிறோம். உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே, அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் இரண்டு படங்களைக் காட்டுங்கள். முதல் நாள் 1942-இன் ‘நந்தனார்’. மறுநாள் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’. நாற்காலி வேண்டாம், எல்லோரும் தரையிலே அமருங்கள். படம் முடிந்ததும் சொற்பொழிவாளரை அழைக்காதீர்கள். வயலில் நாற்று நட்டுவிட்டு வந்த அம்மாளை முதலில் பேசச் சொல்லுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்தக் குறிப்பேடு, எந்த ரசிகர் மன்றத்துப் பதாகையைக் காட்டிலும் நெடுநாள் நிற்கும்.